வாப்பாவின் கால் போன வண்டி

என் வாப்பாவின் கால் என்று சொல்லி ஒரு மனிதர் என் மேஜைமேல் ஒரு சாம்பல் பொட்டலத்தை வைத்தார். மளிகைக் கடையில் சீனி கட்டிக் கொடுப்பது போல் பாலித்தீன் பையில் போட்டு, வாயில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

"சுத்தமா எரிச்சாச்சும்மா. ஒங்களுக்காகத் தனியா எரிக்கச் சொன்னேன். கடல்ல கரைச்சிருங்க" என்றார். குரலில் அப்படி ஒரு பணிவு.

என் தலையில் முக்காடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கரைக்கச் சொன்னார். என் வாய்க்கு வீட்டில் ஒரு பேர் உண்டு, யாரையும் ஒரு பிடி பிடித்துவிடுவேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கொஞ்ச நாள் கழித்து நானே நம்ப மாட்டேன்.

ராமநாதபுரத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். நிர்வாகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும் என்னைத்தான் திட்டுவார்கள், கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடினாலும் என்னைத்தான் திட்டுவார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மருத்துவக் கழிவு எடுக்க இனி யாரை வைப்பது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பழைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது.

ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, சலைன் பாட்டில், அறுத்தெடுத்த சதை, இதையெல்லாம் முனிசிபாலிட்டி குப்பை வண்டியில் போட முடியாது. நிறம் நிறமான பைகளில் பிரித்து, அரசு அங்கீகாரம் பெற்ற ஆலைக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் பையில் போவதை அங்கே பெரிய உலையில் எரிப்பார்கள். உடம்பிலிருந்து எடுத்தது எல்லாம் மஞ்சள் பைதான். எங்களுக்கு வாய்த்த ஆலை மாவட்டம் தாண்டி வெகு தூரத்தில் இருந்தது. அவர்களே நேராக வண்டி அனுப்பத் தயாராக இருந்தார்கள். ஆனால் இத்தனை நாளும் கழிவை எடுத்துக்கொண்டிருந்தவர் உள்ளூர்க்காரர். ஆலைக்கு ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்வார். ஐஸ் வியாபாரமும் பார்த்தார். மீன் ஏற்றும் வண்டிகளுக்கு அவர்தான் ஐஸ் போடுவார்.

எங்கள் டாக்டருக்கு அவரை விட மனசில்லை. "கூப்பிட்ட கொரலுக்கு வாராரும்மா. ஆலைக்காரன் வண்டி மழைன்னா வராது, மறியல்னா வராது. நம்ம என்ன, பையக் கட்டித் தலையில வச்சுக்கிட்டா உக்கார முடியும்?" என்பார். டாக்டர் நல்ல மனுஷி, கை ராசிக்காரர். கத்தியைப் பிடித்தால் அவ்வளவு நிதானம். கத்திக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதில் மட்டும் அவருக்கு அக்கறை வந்ததில்லை.

அந்த ஏஜென்ட்டிடம் அங்கீகாரத்தைக் கேட்டேன். ஒரு ஜெராக்ஸ் வந்தது. அதில் ஆலையின் பேர் இருந்தது, அவர் பேர் இல்லை. கேட்டால், "ஏஜென்ட்டுதானம்மா, ஆலையும் நானும் ஒண்ணுதான்" என்றார். ஒன்றுதானா என்று ஆலையிடமே கேட்டுவிடுவோம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் வாப்பாவின் கால் கறுத்தது.

வாப்பா கப்பலில் வேலை பார்த்தவர். பாதி வாழ்க்கை வளைகுடாத் துறைமுகங்களில் போயிற்று. ஊருக்குத் திரும்பி வரும்போது கொண்டுவந்த சொத்துகளில் சர்க்கரையும் ஒன்று. காலில் செருப்பு கடித்த புண்ணை எங்களிடம் காட்டாமல் கைலிக்குள் மறைத்து வைத்திருந்தார். வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. தம்பியும் நானும் அவரைத் தூக்கிக் காரில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில், "முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். அதுவே போதுமான்னு பொறகுதான் சொல்ல முடியும்" என்றார்.

வாப்பா அழவில்லை. "எடு. ஆனா எடுத்தத என் மக கையில குடுத்துரணும். எம் பொண்டாட்டிக்குப் பக்கத்துல அதை அடக்கணும்" என்றார்.

உயிரோடு இருக்கிறவரிடமிருந்து வெட்டி எடுத்த உறுப்பை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்குவது எங்களில் வழக்கம். தெரிந்ததுதான். என்றாலும் அந்த நேரத்தில் அவரைச் சிரிக்க வைக்க நினைத்து, "படச்சவனுக்கு ஒங்க காலத் தேடி எடுத்து ஒட்டத் தெரியாதா வாப்பா?" என்றேன்.

"அவனுக்குத் தெரியும். எழுப்புற அன்னைக்கி எனக்குத்தான் தேடிக்கிட்டு நிக்க ஏலாது" என்றார். கப்பலில் செத்தவர்களைக் கடலில் இறக்கியதைப் பார்த்தவர் அவர். மண் கிடைக்காமல் போவதைப் பற்றிய பயம் அவருக்கு எப்போதும் உண்டு. தீயைப் பற்றிய பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. "நான் பாத்துக்கிறேன் வாப்பா" என்றேன். அதன்மேல்தான் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆபரேஷன் முடிந்தது. காலை எங்களிடம் ஒப்படைக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தோம். தியேட்டர் நர்ஸ் அதை மஞ்சள் பையில் போட்டு, வாப்பா பேரை எழுதி ஒட்டி, ஸ்டோர் அறையில் தனியாக ஒரு பேசினில் வைத்தார். தம்பி மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஏஜென்ட்டின் வண்டி வழக்கமாக வெயில் ஏறித்தான் வரும். அன்றைக்குப் பார்த்து மீனவர் மறியல் இருக்கிறது, ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று விடியும்போதே வந்துவிட்டது. டிரைவர் ஸ்டோரில் மஞ்சளாக இருந்ததையெல்லாம் ஒன்றாக வாரிக்கொண்டு போய்விட்டான்.

தம்பி வெள்ளைத் துணியோடு வந்து வராந்தாவில் நின்றான். பேசின் காலியாக இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ராத்தா, எங்க?" என்றான். வாட்ச்மேனைக் கேட்டபோதுதான் வண்டி வந்து போனது தெரிந்தது.

அதே நேரத்தில் டாக்டர் வாப்பாவின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகம் சரியில்லை. விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்கு மேலே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே, இருட்டுவதற்குள் என்றார். விட்டால் ரத்தத்தில் கலந்து ஆளைக் கொண்டுபோய்விடும். நான் உள்ளே போய் வாப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது.

"மொதல்ல எடுத்தது மண்ணுக்குப் போயிருச்சா?" என்றார்.

"தம்பி வந்திருக்கான் வாப்பா..."

"போயிருச்சான்னு சொல்லு. அப்புறம் மிச்சத்தப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் எவனும் எங்கிட்ட பேனாவ நீட்ட வேணாம்."

வாப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கையெழுத்து இல்லாமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டார். ஆகவே வாப்பா பிழைக்க வேண்டுமானால் அந்தக் கால் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "அடடா, அது ஆலைக்குப் போயி எரிஞ்சே போச்சேம்மா" என்றார், கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டதைச் சொல்வது போல. வண்டி அந்த நேரத்துக்குள் ஆலைக்குப் போயிருக்கவே முடியாது. பறந்தா போச்சு என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவரே நேரில் வந்தார், பொட்டலத்தோடு. ஆலையில் இல்லை, தன் இடத்திலேயே சின்னதாக ஒரு உலை இருக்கிறது, அதில் எரித்தது என்று கதையை மாற்றிக்கொண்டார். அப்போதுதான் கரைக்கச் சொன்னார்.

அவர் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன். பிஸ்மி சொல்லலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. உள்ளே பாதி எரிந்த தேங்காய் நார் கிடந்தது. ஒரு மூலையில் பீடித் துண்டு. டீக்கடை அடுப்பிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். என் வாப்பா என்று சொல்லி அடுப்புச் சாம்பலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றதும் எனக்கு ஒரே நேரத்தில் ஆத்திரமும் வந்தது, நிம்மதியும் வந்தது. காலை எரிக்கவில்லை. அப்படியானால் எங்கே?

இதற்குள் தம்பி ஒரு காரியம் செய்துவிட்டான். வாப்பாவின் உயிர்தான் முக்கியம், ஒரு பொய்யில் என்ன குடி முழுகிப்போகும் என்று நினைத்து நேராகக் கட்டிலுக்குப் போய், "அடக்கியாச்சு வாப்பா" என்று சொல்லியிருக்கிறான். நான் கதவருகே போனபோது வாப்பா விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கன?"

"உம்மாவுக்குப் பக்கத்துல, தலமாட்டுல."

"பள்ளிவாசல் ஆலிம்சா வந்தாரா?"

"வந்தாரு வாப்பா. எல்லாருமா நின்னு தொழுதோம். நல்ல கூட்டம்."

வாப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, உசுரோட கெடக்குறவன் காலுக்கு எவன்லே ஜனாஸா தொழுவான்? நான் மவுத்தாயிட்டேனா?"

உயிரோடு இருப்பவரின் உறுப்புக்குத் தொழுகை கிடையாது, சுற்றி அடக்குவது மட்டும்தான். தம்பிக்கும் அது தெரியாமல் இல்லை. பொய்யை அழகாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு ஊரையே கூட்டிவிட்டான். வாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "தொலச்சிட்டீங்க. இல்ல எரிச்சிட்டீங்க. போங்க" என்றார். இனி உண்மையைச் சொன்னாலும் நம்புவாரா என்று எனக்குத் திக்கென்றது.

வராந்தாவில் தம்பியை நான் திட்டாத திட்டு இல்லை. அவன் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டான். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய வார்டு நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, "அந்த டிரைவர் நம்பர் எங்கிட்ட இருக்கு மேடம். பேசிப் பாருங்களேன்" என்றார். முதலாளியே பொய் சொல்கிறார், டிரைவர் மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன்.

அவன் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். போனில் கடகடவென்று ஏதோ மெஷின் சத்தம். "சொல்லுங்கக்கா. ஐஸ் ஏத்திக்கிட்டு இருக்கோம்" என்றான்.

"விடியக்காலம் எங்க ஸ்டோர்ல இருந்து எடுத்தியே, ஒரு காலு..."

"ஆமாக்கா. பேரு எழுதி ஒட்டியிருந்துச்சு. பத்திரமாத்தான் வச்சிருக்கேன். பயப்படாதீங்க, பெட்டில நெறைய ஐஸ் போட்டிருக்கேன், கெட்டுப்போகாது."

முதலாளி சொன்னது அவனுக்குத் தெரியவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவன் நினைக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டேன். மண்டபம் போகிற ரோட்டில் இருந்து கடல் பக்கமாகப் பிரியும் மண் பாதையில், கைவிட்ட இறால் பண்ணையின் ஷெட் என்று வழி சொன்னான். "ரெண்டு பக்கமும் கருவேல மரமா இருக்கும், டயரப் பாத்துக்கங்க" என்று அக்கறையாக வேறு எச்சரித்தான்.

மறியலைச் சுற்றிக்கொண்டு போனோம். தம்பி கார் ஓட்டினான். ஷெட் வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து தொட்டித் தண்ணீரில் சலைன் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கையுறை இல்லை, ஒன்றும் இல்லை. இது எதற்கு என்று கேட்டதற்கு, கடல்பாசி வளர்க்கிற கயிற்றுக்கு மிதப்பாகக் கட்டுவதற்கு என்று ஒருத்தி சொன்னாள். கடலில் வரிசையாக மிதக்கும் அந்தப் பாட்டில்களைப் பாம்பன் பாலத்தில் போகும்போதெல்லாம் பார்த்து, பார்க்க அழகாக இருக்கிறதே என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு பாட்டிலின் மூடியில் ஊசி குத்தியபடியே இருந்தது. அவள் அதைச் சாதாரணமாகப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள்.

உள்ளே ஒரு பக்கம் கூரை முட்ட மஞ்சள் பைகள். சிலது கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. நாய் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து போனது. இன்னொரு பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாம் மார்க்கெட்டில் பார்க்கிற அதே மீன் பெட்டிகள். டிரைவர் ஓடி வந்தான். அவன் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. காலை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டதற்கு நாங்கள் நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டானோ என்னவோ.

"தெனமும் ஆலைக்கு ஓட்டுனா டீசலுக்குக் கட்டாதுக்கா. மொதலாளி லோடு சேந்த பொறகுதான் அனுப்பச் சொல்லுவாரு. பஞ்சு, துணின்னா கெடக்கும். சதைன்னா நாறிருமில்ல, அதான் ஐஸ்" என்று ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தான்.

உடைத்த ஐஸுக்குள் வாப்பாவின் கால் இருந்தது. பையின் மேல் நர்ஸ் எழுதிய பேர், அவிழ்ந்த வாய் வழியே விரல்கள். ஆனால் எனக்குப் பேர் தேவைப்படவில்லை. இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் கால் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை நான் எண்ணெய் தேய்த்துவிட்ட கால். அது மீன் பெட்டியில் கிடந்தது.

அதன் பக்கத்தில் கிழிந்துபோன இன்னொரு பை இருந்தது. அதில் ஒரு பெண்ணின் பாதம். விரலில் மெட்டியைக் கழற்றிய இடம் மட்டும் வெளுப்பாக வளையம் போல் தெரிந்தது. குதிகாலில் மஞ்சள் தேய்த்த நிறம் இன்னும் போகவில்லை. பையில் ஒட்டியிருந்த சீட்டில் வேறொரு ஆஸ்பத்திரியின் பேர்.

"இந்தப் பெட்டியெல்லாம் அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கழுவிருவோம்க்கா. நாளைக்கு மீனு ஏத்தணுமில்ல."

தம்பி வெளியே போய்க் காரிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்தான். நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் இன்றைக்கு வரை எங்கள் வீட்டில் மார்க்கெட் மீன் வாங்குவதில்லை. கரைக்கே போய், வலையிலிருந்து எடுக்கும்போது வாங்கினால் உண்டு, இல்லையென்றால் கத்தரிக்காய்தான்.

வாப்பாவின் காலை வெள்ளைத் துணியில் சுற்றிக் காரில் வைத்த பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கும் எங்கள் டாக்டருக்கும் போன் செய்தேன். வேண்டுமென்றேதான் இந்த வரிசை. முதலில் போன் செய்திருந்தால் அந்தக் காலும் சாட்சியாகி, கேஸ் முடிகிற வரை எந்த அறையில் கிடக்குமோ. சட்டம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளட்டும். டாக்டர் போனில் "நம்ம பையுமா அங்க கெடக்கு?" என்றார். "எல்லாம் நம்ம பைதான் மேடம்" என்றேன்.

நேராக எங்கள் ஊருக்குப் போனோம். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. நான் சுவருக்கு வெளியே காருக்குள் இருந்தேன். ஆலிம்சாவும் தம்பியும் குழி வெட்டுகிறவரும் உள்ளே போனார்கள். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி மண் ஒட்டிய கையோடு திரும்பி வந்து, "அடக்கியாச்சு ராத்தா" என்றான். இந்த முறை அவன் வேறொன்றும் சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது வாப்பாவுக்குக் காய்ச்சல் கூடியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அடக்கியாச்சு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். பேசின் காலியாக இருந்தது, சாம்பல் பொட்டலம், பீடித் துண்டு, கருவேலங்காடு, நாய், மீன் பெட்டி, ஐஸ், பக்கத்தில் மெட்டித் தடத்தோடு ஒரு பாதம், எல்லாவற்றையும். மகள் தகப்பனிடம் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். பின்னால் நின்ற தம்பி வேண்டாம் என்று சைகை காட்டினான். நான் நிறுத்தவில்லை.

வாப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "மண்ணு போட்டத நீ பாத்தியா?"

"இல்ல வாப்பா. நான் வெளிய கார்ல இருந்தேன். சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

"ஆறுதலுக்குப் பொய் சொல்றவ மீன் பெட்டின்னு சொல்ல மாட்டா" என்றார். கையை நீட்டினார். "பேனா எங்க?"

கதவருகே நின்ற டாக்டர் எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது வாப்பா என் முக்காட்டைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பொம்பளப் புள்ளையோடத அங்கன விட்டுறாத" என்றார்.

இந்த முறை தம்பி தியேட்டர் வாசலை விட்டு நகரவில்லை. எடுத்தது நேராக அவன் கையில் வந்தது, அவன் ஊருக்குக் கொண்டுபோனான். நான் அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அங்கிருந்த நர்ஸ், "எரிச்சாச்சுன்னு எப்பவோ சொல்லிட்டாங்களே மேடம்" என்று திகைத்துப் போனார். வீட்டார் எரிக்கத்தான் கேட்டார்களாம். ஆஸ்பத்திரியிலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது வீட்டில் நலமாக இருக்கிறாள். தன் பாதம் சாம்பலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரிகள் ஷெட்டுக்கு சீல் வைத்தார்கள். அங்கே கிடந்த எல்லாவற்றையும் எடுத்துப் போக ஆலையிலிருந்தே வண்டி வந்தது. மறுநாள் அதன் பின்னாலேயே நானும் போனேன். புது ஒப்பந்தம் போடுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர், "போம்மா. நான் போயிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ஆலை பொட்டல் காட்டில் இருந்தது. வாசலிலேயே மேலாளரை வழிமறித்துக் கேட்க ஆரம்பித்தேன். அங்கீகாரம் உங்கள் பேரில்தான் இருக்கிறதா, ஏஜென்ட் என்று எங்கள் ஊரில் யாரையாவது வைத்திருக்கிறீர்களா? இல்லவே இல்லை என்றார்கள். அந்த ஜெராக்ஸைக் காட்டினேன். எப்போதோ தங்கள் கண்காட்சியில் மாட்டியிருந்ததைப் போட்டோ எடுத்திருக்கிறான் என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். பை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே எடை போட்டு, கோடு கோடான சீட்டை ஒட்டி, வண்டி எந்த ரோட்டில் நிற்கிறது என்று இங்கே திரையில் பார்க்கிறார்கள். வண்டி கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள், மறியல் என்றால் என்ன செய்வீர்கள், சதையை எத்தனை நேரம் வைத்திருப்பீர்கள், எதில் வைத்திருப்பீர்கள்? மாப்பிள்ளை வீட்டில்கூட நான் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அந்த மேலாளர் பொறுமைசாலி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "வேற என்னம்மா பாக்கணும்?" என்றார்.

"எரிக்கிறதப் பாக்கணும்" என்றேன்.

உலைக்கு முன்னால் முகக்கவசம் கொடுத்து நிற்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் பை வந்தது. அவர்கள் புதிதாக ஒட்டியிருந்த சீட்டைக் கருவியில் காட்டினார்கள், பீப் என்றது. உலை வாய் திறந்ததும் அனல் என் முகத்தில் அறைந்தது. சின்ன வயதிலிருந்து எந்தத் தீயை நினைத்துப் பயந்து தொழுதேனோ அதே தீ போல இருந்தது. ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. பை உள்ளே போவதையும், கதவு மூடுவதையும், பக்கத்துக் கண்ணாடி வழியாக அது பற்றிக்கொள்வதையும் பார்த்தேன். என்ன ஓதுவதென்று தெரியவில்லை. அவளுடைய சாமியை எனக்குத் தெரியாது. நல்லா இரு தாயி என்று மனசுக்குள் சொன்னேன்.

வாப்பா தெளிவாகக் கண் விழித்தது அதற்கடுத்த நாள்தான். தம்பியும் நானும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். தன் காலைப் பற்றிக் கேட்பார் என்று தம்பி பதில் சொல்லத் தயாராக இருந்தான். அவர் என்னைத்தான் பார்த்தார். குரலே எழும்பவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"அந்தப் புள்ளையோடது?"

"எரிச்சாச்சு வாப்பா" என்றேன். "நான் பக்கத்துல நின்னு, என் கண்ணால பாத்தேன்."

வாப்பா கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.